ரத்தத்தில் வருவதும் கண்ணில் பிறப்பதும்

"சக்கரை கண்ணுல எறங்கிருச்சு." சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்களைப் பற்றி நம் பக்கம் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ரத்தத்தில் ஓடிய சர்க்கரை ஒருநாள் கண்ணுக்கு வந்து சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். இதில் பாதி உண்மை இருக்கிறது. விழித்திரையைக் கெடுப்பவற்றில் பல, ரத்தத்தோடுதான் வருகின்றன. ஆனால் சர்க்கரை அவற்றில் ஒன்று, அவ்வளவுதான். வேறு சில, ரத்தத்தில் வராமல் கண்ணுக்குள்ளேயே பிறக்கின்றன. வெளியிலிருந்து வருவது எது, உள்ளே பிறப்பது எது என்று மருத்துவ உலகம் ஏறத்தாழ 50 ஆண்டுகள் தேடியது. விடை கிடைத்தபோது இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது.

கெங்கவல்லி மாதிரியான ஊருக்கு இந்த விடை நேரடியாகவே தேவைப்படுகிறது. கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் பக்கத்தில், சுவேதா நதிக்கரையில் இருக்கும் விவசாய வட்டாரம் இது. குச்சிக்கிழங்கும் நெல்லும் மக்காச்சோளமும் விளையும் மண். ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள். உடலால் உழைக்கிறவர்களுக்குச் சர்க்கரை வராது என்று ஒரு காலத்தில் நம்பினோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடளாவிய ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது அது. தமிழ்நாட்டில் மட்டும் வயது வந்தவர்களில் 14.4 விழுக்காடு. உள்ளூர் மருத்துவமனையில் சர்க்கரை பார்க்கலாம், மாத்திரை வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் கண்ணுக்கு லேசரோ ஊசியோ வேண்டுமென்றால் சேலத்துக்குத்தான் வண்டி ஏற வேண்டும். அந்தப் பயணம் பெரும்பாலும் பார்வை மங்கிய பிறகுதான் நடக்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ரத்தம் தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய நரம்புப் படலம்தான் விழித்திரை. எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. இருட்டில் அதன் தேவை இன்னும் கூடும். இத்தனை பசி உள்ள திசுவுக்கு ஏராளமான ரத்தக்குழாய்கள் வேண்டும். குழாய்கள் பெருகினால் அவையே வெளிச்சத்தை மறைக்கும். அதனால் விழித்திரையின் உள்பாதிக்கு மிகக் குறைந்த, மிக நுண்ணிய குழாய்களே உண்டு. அவற்றின் விட்டம் ஒரு சிவப்பணுவின் விட்டத்தைவிடவும் சிறியது. அணுக்கள் உடம்பை மடக்கி வளைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். ரத்தத்தில் இருப்பதெல்லாம் நரம்புக்குள் கசிந்துவிடாதபடி குழாயின் உள்சுவர்ச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. வெளிப்புறத்தில் இன்னொரு வகைச் செல்கள், வண்டிச் சக்கரத்தை இரும்புப் பட்டா கவ்விப் பிடிப்பதுபோல, குழாயைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இவற்றுக்குப் பெரிசைட் என்று பெயர்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனில் டேவிட் கோகனும் தோய்ச்சிரோ குவபராவும் ஒரு காரியம் செய்தார்கள். இறந்தவர்களின் விழித்திரையை டிரிப்சின் என்ற செரிமான நொதியில் ஊறவைத்தார்கள். நரம்புப் பகுதியெல்லாம் கரைந்துபோய், குழாய்களின் வலைப்பின்னல் மட்டும் கண்ணாடித் தகட்டின்மேல் நின்றது. சர்க்கரை நோயாளிகளின் வலைப்பின்னலில் பெரிசைட்டுகள் செத்துப்போயிருந்தன. அவை இருந்த இடங்கள் வெறும் கூடுகளாகக் கிடந்தன. பிடிமானம் போன குழாய்ச் சுவர் அங்கங்கே புடைத்திருந்தது. கண் மருத்துவர் விளக்கு அடித்துப் பார்க்கும்போது தெரியும் சிவப்புப் புள்ளிகளில் பல இந்தப் புடைப்புகள்தாம். அந்தக் கட்டத்தில் நோயாளிக்குப் பார்வையில் எந்தக் குறையும் இருக்காது.

பெரிசைட்டைச் சாகடித்ததில் சர்க்கரைக்குப் பெரும்பங்கு உண்டு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது புரதங்களின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் 1968இல் சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் வழக்கத்துக்கு மாறான ஒரு வகையைக் கவனித்தார். சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின் அது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அந்த ஒட்டலின் அளவைப் பார்த்தே கடந்த மாதங்களின் கதையைச் சொல்லிவிடலாம். இன்று லேபில் 'மூணு மாச சராசரி' என்று எழுதித்தரும் எச்பிஏ1சி பரிசோதனை அதிலிருந்து வந்தது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் நாளடைவில் முறுக்கிப் பின்னிக்கொண்டு, குழாய்ச் சுவரை இறுகச் செய்கின்றன. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளையும் கிளப்புகின்றன.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண் தப்புமா? 1993இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் தந்தது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் முதல் வகை நோயாளிகள் 1,441 பேர் அதில் பங்கேற்றார்கள். சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுக்குள் வைத்தவர்களிடம் விழித்திரை நோய் புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கண்ணுக்கு நாம் செய்யும் முதல் மருத்துவம். ஆனால் அதே ஆய்வின் புள்ளிவிவரங்களைப் பிற்பாடு அலசியபோது இன்னொரு சேதியும் வந்தது. நோயாளிக்கு நோயாளி விழித்திரை நோயின் அபாயம் ஏன் வேறுபடுகிறது என்று பார்த்தால், எச்பிஏ1சி அளவும் நோய் இருந்த காலமும் சேர்ந்து அந்த வேறுபாட்டில் சுமார் 11 விழுக்காட்டைத்தான் விளக்கின. மீதி எங்கே இருக்கிறது?

ஒரு தடயம் 1953இல் டென்மார்க்கிலிருந்து வந்தது. யாக்கோப் பௌல்சன் என்ற மருத்துவர், தன்னிடம் வந்த சர்க்கரை நோயுள்ள ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். பிரசவத்தைத் தொடர்ந்து அந்தப் பெண்ணின் மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போனது. அதற்குப் பிறகு, ஏற்கெனவே கெட்டிருந்த அவருடைய விழித்திரை தானாகவே தேறியது. கண்ணில் யாரும் கை வைக்கவில்லை. எங்கோ இருக்கும் ஒரு சுரப்பி நின்றதும் கண் சரியானது என்றால், அந்தச் சுரப்பியிலிருந்து புறப்பட்டு ரத்தத்தின் வழியே கண்ணுக்கு வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றுதான் நோயை வளர்த்திருக்க வேண்டும்.

இந்த ஒரு பெண்ணின் கதையைப் பிடித்துக்கொண்டு மருத்துவர்கள் வெகுதூரம் போனார்கள். பார்வை போய்க்கொண்டிருந்த நோயாளிகளுக்குப் பிட்யூட்டரி சுரப்பியையே வெட்டி எடுத்தார்கள். லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிரியக்க இட்ரியத்தை அதனுள் வைத்துப் பொசுக்கினார்கள். சிலருக்குக் கண்ணில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. விலைதான் கொடூரம்: வாழ்நாள் முழுக்க ஹார்மோன் மாத்திரை, தாழ்சர்க்கரையால் மயங்கி விழும் அபாயம், சிலருக்கு உயிரே போனது. அந்த நோயாளிகளை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. குருடாவதா, சுரப்பியை இழப்பதா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள். நாம் இன்று அறிந்திருப்பதில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது. பிட்யூட்டரியிலிருந்து வந்தது வளர்ச்சி ஹார்மோன். அதன் தூண்டுதலால் கல்லீரல் ரத்தத்தில் விடும் ஐஜிஎஃப்-1 என்ற பொருள் அதன் கையாள். வளர்ச்சி ஹார்மோன் பிறவியிலேயே குறைந்து குள்ளமாக வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வந்தாலும் விழித்திரை நோய் வருவதில்லை என்று தாமஸ் மெரிமி என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டியதும் இதற்குத் துணை நின்றது.

எதிர்த் தரப்பு, காரணம் கண்ணுக்குள்தான் என்றது. 1948இலேயே கிளாஸ்கோவில் ஐசக் மைக்கேல்சன் விழித்திரைக் குழாய்கள் வளரும் விதத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆக்சிஜன் நிறைந்த தமனிகளை ஒட்டி நுண்குழாய்களே இல்லை. ஆக்சிஜன் குறைந்த சிரைகளின் பக்கமாகவே குழாய்கள் முளைக்கின்றன. அப்படியானால் மூச்சுத்திணறும் விழித்திரையே ஒரு பொருளைச் சுரந்து குழாய்களைக் கூப்பிடுகிறது என்று அவர் ஊகித்தார்.

இந்த ஊகத்துக்கு விடை கிடைத்த கதையில் ஒரு குடும்பம் வருகிறது. பாஸ்டனின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் வில்லியம் பீத்தமும் அவருடைய மருமகன் லாயிட் எம். ஐயெல்லோவும் ஒன்றைக் கவனித்தார்கள். விழித்திரையில் பழைய தழும்பு உள்ள கண்களில் விழித்திரை நோயின் முற்றிய நிலை வருவதில்லை. அப்படியானால் தழும்பை நாமே உண்டாக்கினால் என்ன? 1960களின் பிற்பகுதியில் அவர்கள் லேசரால் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டார்கள். பசித்துக் கிடந்த பகுதிகள் செத்ததும், புதிதாக முளைத்திருந்த கேடு கெட்ட குழாய்கள் சுருங்கின. 1976இல் ஒரு பெரிய ஆய்வு, லேசர் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று நிரூபித்தது. ஓரத்தைச் சுட்டால் நோய் ஏன் அடங்குகிறது என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

அதற்குப் பதில் சொன்னவர்களில் ஒருவர் அந்த ஐயெல்லோவின் மகன். லாயிட் பால் ஐயெல்லோவும் சகாக்களும் 164 நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த திரவத்தை அளந்து 1994இல் வெளியிட்டார்கள். நோய் கொந்தளிக்கும் கண்களில் விஇஜிஎஃப் என்ற புரதம் மிகுதியாக இருந்தது. லேசர் போட்டு நோய் அடங்கிய கண்களில் அது சரிந்திருந்தது. புதிய குழாய்களை முளைக்கச் செய்வதும் இதுதான். இருக்கும் குழாய்களைக் கசியச் செய்வதும் இதுதான். மைக்கேல்சன் தேடிய பொருள் கிடைத்துவிட்டது. ரத்தத்தில் வந்ததல்ல அது. ரத்தம் போதாததால் விழித்திரை தானே உண்டாக்கியது. இன்று கண்ணுக்குள் போடும் ஊசிகளில் பெரும்பாலானவை இந்தப் புரதத்தைக் குறிவைக்கின்றன. பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004இல் வந்த பெவாசிசுமாப் மருந்தை 2005இலிருந்து கண் மருத்துவர்கள் சிறு அளவில் பிரித்துக் கண்ணுக்குப் போடத் தொடங்கினார்கள். ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களின் பார்வையைக் காத்தது அந்த மலிவு விலை. பிறகு கண்ணுக்கென்றே வந்த ரானிபிசுமாப்பின் நிகர்மருந்தை 2015இல் இந்தியாவிலேயே தயாரித்தார்கள்.

பிட்யூட்டரிக்காரர்கள் தோற்றுவிட்டார்கள் என்று அப்போது பலர் நினைத்தார்கள். 1999இல் லாயிஸ் ஸ்மித் என்ற கண் மருத்துவரின் குழு எலிகளில் செய்த சோதனை வேறு சொன்னது. ஐஜிஎஃப்-1 தன் வேலையைச் செய்யவிடாமல் தடுத்தால், விஇஜிஎஃப் இருந்தும் குழாய்கள் சரியாக முளைக்கவில்லை. கண்ணுக்குள் பிறப்பது வேலை செய்ய, ரத்தத்தில் வருவது அனுமதி தர வேண்டியிருக்கிறது. டென்மார்க் பெண்ணின் கண் ஏன் தேறியது என்பதற்கும் லேசர் ஏன் பலித்தது என்பதற்கும் இப்போது ஒரே விளக்கம் போதும்.

இதில் நம் ஊர் நோயாளிக்கு நேராக ஒரு பாடம் இருக்கிறது. பல வருடம் சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டவர், திடீரென்று விழித்துக்கொண்டு இன்சுலின் போட்டு, சில மாதங்களில் அளவைத் தடாலென்று இறக்குகிறார். அந்த நேரத்தில் சிலருக்கு விழித்திரை நோய் மோசமாகிறது. 1993 ஆய்விலேயே முதல் ஆண்டில் கண்டிப்பான சிகிச்சை எடுத்தவர்களில் 13.1 விழுக்காட்டினருக்கு இப்படி நடந்தது. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கு. செமாகுளூடைடு ஊசியை வைத்து 2016இல் வந்த ஆய்விலும் கண் சிக்கல்கள் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. இன்சுலின் போட்டதும் கல்லீரல் விடும் ஐஜிஎஃப்-1 கூடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதைக் கேட்டு யாரும் இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. ஆண்டுகள் கடந்து பார்த்தால் கட்டுப்படுத்தியவர்களின் கண்தான் நன்றாக இருக்கிறது. அளவை வேகமாக இறக்குவதற்கு முன்னால் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். நான் வலியுறுத்துவது அவ்வளவுதான்.

ரத்தத்தில் வருபவை இன்னும் உண்டு. வெள்ளணுக்கள் சிவப்பணுக்களைவிடப் பெரியவை, விறைப்பானவை. சர்க்கரை நோயில் குழாயின் உள்சுவர் ஒட்டும் தன்மை பெற்று, வெள்ளணுக்கள் நுண்குழாயில் சிக்கி வழியை அடைக்கின்றன. மூட்டுவலிக்கு ஆஸ்பிரின் வகை மாத்திரை நிறைய எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை நோய் குறைவு என்று 1964இல் ஒரு குறிப்பு வந்தது. அழகான எண்ணம். பிறகு நடந்த பெரிய சோதனையில் தினம் 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தும் விழித்திரை நோய் குறையவில்லை. அது அதோடு நின்றது. ரத்தஅழுத்தம் கதை வேறு. பிரிட்டனில் 1998இல் முடிந்த ஆய்வில், அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் விழித்திரை நோய் முற்றுவது 34 விழுக்காடு குறைந்தது.

நம் கிராமங்களுக்கு மிக முக்கியமாக நான் நினைப்பது ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. மூச்சுத்திணறும் விழித்திரைதான் விஇஜிஎஃப்பைச் சுரக்கிறது என்றால், ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைந்த ரத்தம் அந்தத் திணறலைக் கூட்டும் என்று எதிர்பார்க்கலாம். 1997இல் பின்லாந்தில், ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு விழித்திரை நோயின் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்காகத் தெரிந்தது. சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்விலும் ரத்தசோகைக்கும் விழித்திரை நோய்க்கும் தொடர்பு தென்பட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு: இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், சிறுநீரகம் கெட்டு அணுக்களின் ஆயுள் குறைந்தவர்களுக்குக் குறைத்துக் காட்டலாம். களை வெட்டப் போகும் ஒரு பெண்ணின் 'ரத்தம் கம்மியா இருக்கு' என்ற சீட்டும் 'மூணு மாச சராசரி' சீட்டும் ஒரே மேசையில் சேர்ந்து இருந்தால்தான் இரண்டுக்கும் பொருள் உண்டு. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுத்தால் பி12 வைட்டமின் குறையும். அது குறைந்தால் ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் ஏறும். விழித்திரை நோயாளிகளிடம் இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2011இல் காட்டினார்கள்.

கொழுப்பைப் பற்றிய ஆய்வு எதிர்பாராத இடத்தில் போய் முடிந்தது. ஃபெனோஃபைப்ரேட் என்பது டிரைகிளிசரைடைக் குறைக்கும் பழைய, மலிவான மாத்திரை. இதயத்துக்கு உதவுமா என்று 9,795 பேரிடம் சோதித்த ஆய்வின் கண் பற்றிய முடிவுகள் 2007இல் வெளியானபோது, கண்ணுக்கு லேசர் தேவைப்படுவது 31 விழுக்காடு குறைந்திருந்தது. கொழுப்பு எவ்வளவு இறங்கியது என்பதோடு இந்தப் பலன் ஒட்டிப்போகவில்லை. விழித்திரைச் செல்களிலேயே ஒரு ஏற்பியைத் தட்டி இது வேலை செய்வதாகக் கருதுகிறார்கள். 2013இல் ஆஸ்திரேலியா இதை விழித்திரை நோய்க்கே அனுமதித்தது. 2024இல் ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்த ஆய்வு, நோய் முற்றுவது 27 விழுக்காடு குறைவதாகச் சொன்னது. சேலத்துக்கு மாதாமாதம் ஊசிக்குப் போக முடியாதவருக்கு இந்த மாத்திரையின் சேதி பெரிய சேதி. சிறுநீரகத்தின் நிலை பார்த்துத்தான் தர வேண்டும் என்பதால், கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடிய மாத்திரை இல்லை.

கெடுப்பவை மட்டும்தானா, காப்பவை எதுவும் இல்லையா? ஜோஸ்லின் மையத்தில் 50 ஆண்டுகளுக்கு மேல் இன்சுலின் போட்டு வாழ்பவர்களைத் திரட்டிப் பார்த்தார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு விழித்திரை நோயின் முற்றிய நிலை வரவே இல்லை. தப்பியவர்களின் கண் திரவத்தில் ஆர்பிபி3 என்ற புரதம் கூடுதலாக இருந்ததை 2019இல் ஜார்ஜ் கிங் குழு வெளியிட்டது. ஒளியை உணரும் செல்கள் சுரக்கும் இந்தப் புரதம், சர்க்கரை செல்லுக்குள் நுழைவதையும் விஇஜிஎஃப்பின் வேலையையும் தடுக்கிறது. காப்பதும் கண்ணிலேயே பிறக்கிறது என்பது எனக்குப் பெரும் ஆறுதல் தரும் செய்தி.

இத்தனை பொருள்களை ரத்தத்தில் அளக்க முடிந்தும், எந்த ரத்தப் பரிசோதனையும் இன்றுவரை கண் பரிசோதனைக்கு ஈடாகவில்லை. சென்னையில் 2005இல் வெளியான ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருந்தது. சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியவந்தவர்களிலும் 5.1 விழுக்காட்டினருக்கு அது வந்துவிட்டிருந்தது. பார்க்காமல் தெரியாது. இதற்கு ஊரைத் தேடிப் போவதும் ஒரு வழி என்று காட்டியது பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு. மருத்துவர் வி. மோகனின் குழு 2006இலிருந்து அங்கே சுற்றுவட்டாரத்தின் 42 கிராமங்களுக்கு விழித்திரைக் கேமரா பொருத்திய வேனைக் கொண்டுபோனது. படம் எடுத்து, செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு அனுப்பி, சிகிச்சை தேவைப்பட்டவர்களை மட்டும் அழைத்தார்கள். கெங்கவல்லிக்கும் மலையடிவார ஊர்களுக்கும் அப்படி ஒரு வேன் வருவதற்குத் தொழில்நுட்பத்தில் தடை ஒன்றும் இல்லை. விழித்திரைப் படத்தைப் படித்துச் சொல்லும் கணினி நிரல்களை மதுரை அரவிந்த் மருத்துவமனையிலும் சங்கர நேத்ராலயாவிலும் நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தாகிவிட்டது.

அந்த வேன் வரும்வரை, சேலத்துக்குக் கண் காட்டப் போகிறவர்கள் கையில் சர்க்கரைச் சீட்டோடு ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கொழுப்பு, ரத்தஅழுத்தச் சீட்டுகளையும் எடுத்துப்போக வேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் தாமதிக்கவே கூடாது. கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி தன் பங்குக்கு வளர்ச்சி ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையையும் அப்போது அவசரமாக இறக்குகிறார்கள். விழித்திரை நோய் இருந்தால் அந்த மாதங்களில் அது வேகமெடுக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பிரசவத்துக்குப் பின்னும் ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் புதிதாகச் சர்க்கரை தலைகாட்டிய பெண்களுக்கு இந்த அவசரம் இல்லை.